மின்மினிக்கு ஆகாத கூட்டம்

மணி ஒலிக்கிறது. தண்டவாளத்தின் மேல் மீனும் கீரையும் விற்றுக்கொண்டிருந்தவர்கள் பதறாமல் பந்தல் துணிகளை மடக்குகிறார்கள். கூடைகளைப் பின்னுக்கு இழுக்கிறார்கள். ரயில் உரசாத குறையாக ஊர்ந்து போகிறது. அடுத்த நிமிடமே மறுபடி பேரம். தாய்லாந்தில் மே குளோங் சந்தையின் செல்லப் பெயர் 'குடை மடக்கும் சந்தை'.

பாங்காக்கிற்குத் தென்மேற்கே சுமார் 70 கி.மீ. தொலைவில், மே குளோங் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது சமுத் சோங்கிராம். பெயரில் நம்மவர்களுக்குத் தெரிந்த இரண்டு சொற்கள்: சமுத்திரம், சங்கிராமம். பரப்பு சுமார் 417 சதுர கி.மீ.தான், நாட்டிலேயே மிகச் சிறிய மாகாணம். ஒட்டிப் பிறந்த 'சயாம் இரட்டையர்' சாங், எங் 1811இல் பிறந்தது இங்கேதான்.

மன்னர் இரண்டாம் ராமாவின் பிறப்பிடமான அம்பாவாவும் இங்கேதான். சாலைகள் வந்தபின் களையிழந்த அதன் மிதக்கும் சந்தைக்கு 2004இல் மறுவாழ்வு கிடைத்தது. வெள்ளி முதல் ஞாயிறு வரை மாலையில் கூட்டம் அலைமோதுகிறது. இருட்டியதும் எல்லோரும் படகேறுகிறார்கள், கரையோர லம்பூ மரங்களில் மினுக்கும் மின்மினிகளைப் பார்க்க.

அங்கேதான் சிக்கல். மோட்டார் படகுகளின் இரைச்சலில் கரையோர வீடுகளுக்குத் தூக்கம் போனது. பொறுத்துப் பார்த்த சிலர் லம்பூ மரங்களையே வெட்டினார்கள். மரம் போனால் மின்மினி ஏது? மின்மினி போனால் படகு எதற்கு?

போகிறவர்கள் துடுப்புப் படகு கேட்கலாம். இருட்டு இருட்டாகவே இருந்தால்தான் மின்மினிக்கு மதிப்பு.