எந்த ஊர்க் குழி?

கணினியில் மலை வரைவதற்குப் பேரன் ஒரு பாடம் அனுப்பினான். ஓய்வுபெற்ற கிழவனுக்கு இது ஒரு கேடா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். மூன்று வருஷமாக நான் மண்டகப்பட்டுப் பாறையையும் அதைச் சுற்றியுள்ள நம் பக்கத்துக் குன்றுகளையும் கணினிக்குள் கொண்டுவரப் பார்க்கிறேன். மேடு இவ்வளவு உயரம், சூரியன் இந்தக் கோணம், மேகம் இவ்வளவு அடர்த்தி என்று சொன்னால், கணக்குப் போட்டு நிழற்படம் மாதிரி ஒரு காட்சியைத் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன. டெர்ராஜென், பிரைஸ், வ்யூ, பிளெண்டர் என்று பல. என்னிடம் இருப்பது டெர்ராஜென். பேரன் அனுப்பியதோ பிரைஸுக்கான பாடம்.

"பட்டன் பேருதான் வேற தாத்தா, நம்பரை அப்படியே போடுங்க" என்றான். போட்டேன். மலையைக் காணோம். தேடிப் பார்த்தால் ஒரு எறும்புப் புற்று.

பேரன்மேல் எனக்கு வருத்தமில்லை. என் கோபமெல்லாம் இந்தப் பாடங்களைத் தயாரிப்பவர்கள்மேல்தான். "இதை 20 வை, அதை 0.3 வை, இப்போது இந்தப் பட்டனை அழுத்து." எதற்கு 20 என்று ஒரு வார்த்தை கிடையாது. ஒரு மென்பொருளின் பாடத்தை இன்னொன்றுக்கு மாற்றித் தருகிறேன் என்று வருபவர்கள் இன்னும் மோசம். பட்டன் பெயர்களை மட்டும் மாற்றிவிட்டு, எண்களை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

பத்திரம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது சட்டென்று புரியும். புதுச்சேரிப் பக்கம் ஒரு குழி என்றால் 24 அடிக்கு 24 அடி, 576 சதுர அடி. தஞ்சாவூர்ப் பக்கம் 12 அடிக்கு 12 அடி, 144 தான். ஐம்பது குழி என்று எழுதியிருந்தால் இங்கே 28,800 சதுர அடி, அங்கே 7,200. எண்ணும் அதே, சொல்லும் அதே, நிலம் மட்டும் நாலில் ஒரு பங்கு. எந்த ஊர்க் குழி என்று கேட்காமல் கணக்குப் போட்டவர்களை அலுவலகத்தில் நான் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை அந்தத் தப்பைச் செய்தவனே நான்தான். டெர்ராஜெனில் 20 என்றால் 20 மீட்டர், அதுவும் பூமி அளவுக்கு ஒரு முழுக் கோளத்தின்மேல். பிரைஸுக்கு அதன் சொந்த அளவு. புற்று முளைக்காமல் வேறென்ன முளைக்கும்?

எண்ணையாவது விகிதம் போட்டு மாற்றிவிடலாம். வானத்தில்தான் சங்கதியே மாறுகிறது. அந்திச் சிவப்பு வேண்டுமானால் பிரைஸில் நாமே வானத்துக்கும் மூட்டத்துக்கும் நிறம் தேர்ந்தெடுத்துப் பூச வேண்டும். டெர்ராஜென் காற்றில் வெளிச்சம் சிதறுவதையே கணக்குப் போடுகிறது. அங்கே சூரியனை அடிவானத்துக்கு இறக்கினால் போதும், சிவப்பு தானாக வரும். அதன்மேல் பாடத்தில் சொன்ன ஆரஞ்சையும் பூசினால் வானம் தக்காளிச் சட்னி ஆகிவிடும் (ஆனது). "அந்தி மயங்க வேண்டும், அதற்காக இந்த நிறம்" என்று பாடக்காரர் ஒரு வரி சொல்லியிருந்தால் நான் சூரியனை இறக்கியிருப்பேன்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். மொழிபெயர்ப்பு வகுப்பில் சொல்லுக்குச் சொல் போட்டால் ஆசிரியர் சிவப்பு மையில் 'மோத்தாமோ' என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைப்பார். எழுதியவன் என்ன சொல்ல வந்தான் என்று முதலில் கண்டுபிடி, அப்புறம் பேனாவை எடு என்பார். (வ்யூ என்பதும் பிரெஞ்சுச் சொல்தான், காட்சி என்று அர்த்தம்.)

இதற்கெல்லாம் மூத்த பாடம் விழுப்புரம்-செஞ்சி சாலையில் இருக்கிறது. சுமார் 1400 வருஷத்துக்கு முன் மகேந்திரவர்மன் குடைந்த மண்டகப்பட்டுக் குகைக்கோயில். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணம் இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு எடுத்தது என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது. பழைய செய்முறையில் எதெல்லாம் இங்கே செல்லாது என்று பட்டியலே போட்டுவிட்டான், பாருங்கள். கட்டடத்தில் தூணை முதலில் நட்டு, அதன்மேல் கூரை போடுவார்கள். குகையில் தூணை யாரும் நடவில்லை. சுற்றிலும் வெட்டி எடுத்தபின் மிச்சம் நின்றதுதான் தூண். கீழே சதுரம், நடுவில் எட்டுப்பட்டை, மேலே சதுரம் என்று உருவம் வந்துவிட்டது. வேலையின் வரிசையோ வேறு. தச்சன் சொன்னதைச் சிற்பி 'மோத்தாமோ' செய்திருந்தால் உளிக்கு வேலையே இருந்திருக்காது.

இந்தத் தூணைப் பார்த்துத்தான் என் குன்றுக்கும் வழி கிடைத்தது. வெளிநாட்டுப் பாடங்களில் வருவதெல்லாம் ஆல்ப்ஸ் மாதிரி கூர்ந்த பனிமலை. நம் பக்கத்துக் குன்றோ உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்பது. டெர்ராஜெனில் கற்களைத் தூவ ஒரு வசதி உண்டு, கற்கள் தரையில் பரவும், அடுக்கி நிற்காது. பிளெண்டரில் கற்களை மேலிருந்து போட்டுக் குவிக்கலாம் என்றது ஒரு பாடம். குவித்தேன். லாரியில் ஜல்லி கொட்டின மாதிரி இருந்தது. நம் பாறைகளை யாரும் கொட்டவில்லை, அடுக்கவுமில்லை. ஒரே பாறை விரிசல் வழியாக வெயிலிலும் மழையிலும் தேய்ந்து, மிச்சம் நிற்கிறது. ஆகவே பிளெண்டரில் ஒரு பெரிய கட்டியை எடுத்து, விரிசல் விட்டுத் துண்டாக்கி, முனைகளை மழுக்கினேன். செஞ்சி வந்துவிட்டது! அந்தப் பாடத்தில் இதில் ஒரு வரிகூட இல்லை.

ஆரம்பிக்கிறவனுக்குக் காரணமெல்லாம் எதற்கு, முதலில் படம் வரட்டும் என்பார்கள். வரட்டும், நான் எண் கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வ்யூவை வளர்ப்பதை 2024இல் நிறுத்தி, இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். எண்களை மட்டும் நோட்டில் எழுதி வைத்திருந்தவர்கள் அந்த நோட்டை இப்போது எந்த மென்பொருளில் பிரிப்பது?

பேரனிடம் சொல்லிவிட்டேன், இனிமேல் பாடம் அனுப்பினால் அதில் வரும் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது மீட்டரா, விகிதமா, வெறும் கண்ணளவா என்று எழுதி அனுப்பு என்று. "அதை நான் யார்கிட்ட தாத்தா கேக்கறது?" என்கிறான்.