எங்க பேரைச் சொல்லி அடுப்பை அணைக்காதீங்க

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க, பிடிக்கலைன்னா கீழே திட்டிட்டுப் போங்க.

“ஷிப்ட் வேலை பார்க்கிறவன் எங்கே சமைச்சுச் சாப்பிடுறது?” இதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளிச்சுப் போச்சு. 2024-ல் பினாங்கு பயனீட்டாளர் சங்கம், 24 மணி நேர உணவகங்களை நிறுத்தணும், நடுராத்திரி சாப்பாடு மக்கள் உடம்பைக் கெடுக்குதுன்னு சொன்னது. உடனே உணவக உரிமையாளர்கள் பக்கத்திலிருந்து வந்த பதிலில் நம்ம பேர் இருந்தது. ஷிப்ட் தொழிலாளர்கள் பாவம், அவங்க எங்கே போவாங்கன்னு. நம்ம மேல இவ்வளவு அக்கறையா என்று அன்றைக்கே எங்களுக்குச் சிரிப்பு வந்தது.

நாங்க கிள்ளான் வட்டாரத்தில் ஓர் அம்மன் கோவிலில் அன்னதானச் சமையலுக்கு நிற்கிற ஆட்கள். மேரு, காப்பார், ஷா ஆலம் தொழிற்சாலைகளில் வேலை. ஒருத்தர் துறைமுகம், ஒருத்தர் செக்யூரிட்டி. இந்த வாரம் காலை ஏழு முதல் ராத்திரி ஏழு, அடுத்த வாரம் ராத்திரி ஏழு முதல் காலை ஏழு. கடையை மூடச் சொல்லி நாங்க கேட்கவில்லை. கடைக்காரருக்கும் பிள்ளை குட்டி இருக்கு. எங்க சண்டை அந்தக் கேள்வியோடதான். சமைக்கவே முடியாது என்று நம்மை நாமே நம்ப வச்சுட்டோமே, அதோட.

ராத்திரி மூணு மணிக்கு ஒரு மேகி கோரெங், முட்டை போட்டது. கூட ஒரு தே தாரேக், கெட்டிப்பால் ஊத்தினது. விடிஞ்சு வீட்டுக்குப் போற வழியில் ரொட்டி சானாய் ரெண்டு. படுக்கை. பகலைவிட ராத்திரியில் உடம்பு சர்க்கரையைக் கையாளுவது மந்தம்னு டாக்டர்கள் படிச்சுப் படிச்சுச் சொல்றாங்க. 2019-ல் சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வில், இந்த நாட்டுப் பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இனிப்புநீர். 2023 ஆய்வில் ஆறில் ஒருவர். ரெண்டு தடவையும் இனவாரியா பார்த்தா முதல் இடம் இந்தியர்களுக்குத்தான். வேற எதிலாவது முதல் இடம் வாங்கியிருந்தா பேனர் அடிச்சிருப்போம். எங்களோட உட்கார்ந்து வெங்காயம் உரிச்ச ஓர் அண்ணன் இப்போ வாரம் மூணு நாள் டயாலிசிஸுக்குப் போறார். வயசு ஐம்பத்து நாலு.

ஷிப்ட் வேலை ஏதோ நேற்று வந்த மாதிரி பேசாதீங்க. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தவங்களுக்கு ரயில் எந்நேரம் ஓடுதோ அந்நேரம் வேலை. துறைமுகத்துக்குக் கப்பல் வர்றது கடிகாரம் பார்த்தா? தோட்டத்தில் இருட்டோட பெரட்டுக்கு நிக்கணும். அவங்களுக்கு மாமாக் கடை இல்லை. தூக்குச்சட்டியில் சோறு இருந்தது. 1941-ல் கிள்ளான் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பத்தி படிச்சுப் பாருங்க. தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் பத்து பன்னிரண்டு மணி நேர வேலை ஒழியணும்கிறதும் இருக்கு, கள்ளுக்கடையை மூடணும்கிறதும் இருக்கு. முதலாளிகிட்ட கேட்க வேண்டியதையும் கேட்டாங்க, தங்களைக் கெடுக்கிறதையும் தூக்கச் சொன்னாங்க. ரெண்டும் ஒரே பட்டியலில். நாம ரெண்டையும் கேட்கிறதில்லை.

சரி, சமையலுக்கு வருவோம்.

கொண்டைக்கடலை ஊற எட்டு மணி நேரத்துக்கு மேல வேணும். நம்ம ஷிப்ட் பன்னிரண்டு. சாயங்காலம் ஆறு மணிக்கு இறங்கும்போது ஊறப் போட்டு ஐஸ்பெட்டியில் வை. வெளியே வச்சா இந்தப் புழுக்கத்தில் நுரை தட்டிடும். காலையில் வந்து குக்கரில் ஏத்திட்டுக் குளிக்கப் போ. குளிச்சு வரும்போது வெந்திருக்கும். எழுந்து வேலைக்குக் கிளம்பும்போது கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளி. கோவிலில் வரிசையில் நின்னு வாங்கித் தின்கிற அதே சுண்டல்தான். தேங்காய் மட்டும் போடாதே. ராத்திரிக்குக் கொண்டு போற சாப்பாட்டில் தேங்காய் சேர்த்தா விடியறதுக்குள்ள ஊசிப் போகும்.

முருங்கைக்கீரை உருவ யாருக்கு நேரம் இருக்குன்னு தங்கச்சிமார் கேட்பீங்க. நியாயம்தான். கிளையோட துணியில் சுத்தி ராத்திரி முழுக்க வச்சுட்டுப் போங்க. காலையில் உதறினா பாதிக்கு மேல தானா கொட்டும். பாசிப்பருப்போட ஒரு கொதி. பகல் ஷிப்ட் வாரத்தில் காலை அஞ்சரைக்கு அடுப்பே வேண்டாம். முந்தின ராத்திரி சோத்தில் தண்ணி ஊத்தி வச்சா பழைய சோறு, கொஞ்சம் மோர், சின்ன வெங்காயம். இதையெல்லாம் கண்டுபிடிச்சவங்க வீட்டில் உட்கார்ந்து இருந்தவங்க இல்லை, வெளியே போய் உழைச்சவங்க. வேலைக்குப் போயிருக்கிற நேரத்தில் சாப்பாடு தானா தயாராகிற மாதிரி யோசிச்சிருக்காங்க.

காலம் பார்த்துச் சமைக்கணும், அதுவும் முக்கியம். நவம்பர் முதல் ஜனவரி வரை மழை. கேமரன் மலைக் காய்கறி விலை ஏறும். முட்டைக்கோஸுக்கும் தக்காளிக்கும் அழுதுட்டு நிக்காம, தரைப் பக்கம் விளையிற கங்கோங், பயத்தங்காய், பரங்கிக்காய், வாழைத்தண்டைப் பாருங்க. ஜூன், ஜூலை பழ சீசன். பழத்தைத் தின்னுட்டுப் பலாக்கொட்டையையும் செம்படாக் கொட்டையையும் குப்பையில் போடுறீங்களே, அதை அவிச்சு முருங்கைக்காயோட சாம்பாரில் போட்டா ஒரு நாள் குழம்பு முடிஞ்சுது. புரட்டாசி வந்தா இன்னொரு கூத்து. சைவக் கோழி, சைவ மீன்னு ஐஸ் பாக்கெட்டை வாங்கி எண்ணெயில் முக்கிப் பொரிச்சுட்டு விரதம்னு பேரு. பெருமாள் கேட்டாரா கோழி வடிவத்தில் ஒரு சோயாவை?

இனி கம்பெனி பக்கம். சட்டப்படி தொடர்ந்து அஞ்சு மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக் கூடாது, குறைஞ்சது முப்பது நிமிஷம் ஓய்வு கொடுக்கணும். அந்த முப்பதில் மோட்டார் எடுத்து, கடைக்குப் போய், தப்பாவ் பண்ணித் திரும்பினா சாப்பிட ஏழு நிமிஷம் மிச்சம். டப்பா கையில் இருந்தா பத்து நிமிஷத்தில் சாப்பிட்டு இருபது நிமிஷம் கண்ணை மூடலாம். ஆனா டப்பாவை எங்கே வைக்கிறது? எங்களில் ஒருத்தர் வேலை செய்ற இடத்தில் ராத்திரி கேண்டீன் பூட்டு. சூடு பண்ற மெஷின் உள்ளே, ஆள் வெளியே. பானம் விற்கிற மெஷின் மட்டும் விடிய விடிய எரியுது. ஒரு குளிர்ப்பெட்டி, ஒரு மைக்ரோவேவ், ஒரு சாவி. இதைக் கேட்க யூனியன்கூட வேண்டாம், பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம் போதும்.

அட்டவணை கதை அதைவிட மோசம். 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்னு சட்டம் மாறியது. அதுக்கு மேல ஓ.டி., மாசத்துக்கு 104 மணி நேரம் வரை. அதுகூடப் பரவாயில்லை. நாளைக்குப் பகலா ராத்திரியான்னு இன்னைக்கு மதியம் வாட்சப்பில் வந்தா, எவன் கடலையை ஊறப் போடுவான்? எங்களில் சிலர் சூப்பர்வைசர், அட்டவணை போடுறது என்ன தலைவலின்னு தெரியாமல் பேசவில்லை. மெஷினுக்கு சர்வீஸ் தேதி மூணு மாசத்துக்கு முன்னாலேயே போர்டில் ஒட்டியிருக்கு. மனுஷனுக்கு ஒரு வாரம் முன்னால சொன்னா என்ன?

தம்பிமார்களே, உங்களுக்கும் இருக்கு. “எனக்கு ஷிப்ட், அவ சமைப்பா.” அவளுக்கும் ஷிப்ட்தான் தம்பி. கையுறைத் தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நின்னுட்டு வர்றா. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீ மூடா மூழ்கினப்போ, சோறு கட்ட ஆள் வேணும்னு கேட்டதும் ஓடி வந்தவங்களில் பாதிப் பேர் ஆம்பிளைகள். முறை போட்டுக்கிட்டு, ராத்திரி ஒரு கூட்டம் பகல் ஒரு கூட்டம்னு அண்டா இறங்காமல் சமைச்சீங்க. ஊருக்கு முறை வச்சு ஆக்கின கை வீட்டில் ஒரு பானை வைக்காதா?

கோவில் நிர்வாகத்துக்கும் ஒரு வார்த்தை. அன்னதானத்தில் சோறு, பருப்பு, ஒரு கீரை, ரசம் போதும்னு நாங்க சொன்னா, உபயகாரர் கௌரவம் என்ன ஆகும்கிறாங்க. கேசரி வேணும், அப்பளம் வேணும், கலர் சர்பத் வேணும். வரிசையில் நிற்கிற பத்துப் பேரில் எத்தனை பேர் பையில் இனிப்புநீர் மாத்திரை இருக்குன்னு ஒரு வெள்ளிக்கிழமை கேட்டுப் பாருங்க. கௌரவத்தைக் கேசரியில் தேடினா நாளைக்கு அதே உபயகாரர் குடும்பத்துக்கே நாங்க கஞ்சி கொண்டு போய்க் கொடுக்கணும்.

சர்க்கரையில் நாங்க விட்டுக் கொடுக்கிறதா இல்லை. வர்ற ஆடி வெள்ளிகளில் கேழ்வரகுக் கூழ். முந்தின நாளே கரைச்சுப் புளிக்க வச்சது, முருங்கைக்கீரைப் பொரியலோட. நைட் ஷிப்ட் முடிஞ்சு நேரா வர்றவங்களுக்குக் காலை எட்டு மணிக்கே தனிப் பானை இருக்கும், பூஜை முடியிற வரை காத்திருக்க வேண்டாம். யூனிபார்மோட வரலாம். தூக்குச்சட்டி கொண்டு வாங்க, பிளாஸ்டிக் பையில் ஊத்தித் தர மாட்டோம். செய்முறை வேணும்கிறவங்க வியாழன் ராத்திரி பத்துக்கு மேல வந்தா கூடவே நின்னு கிண்டலாம். அகப்பை கனமா இருக்கும், அதுக்கு மட்டும் தயாரா வாங்க.