52 கிலோ அம்மாவும் 84 கிலோ நானும்

போன வருஷம் ஐப்பசி மழை சமயம். அம்மா பாத்ரூம் வாசல்ல வழுக்கி உட்கார்ந்துட்டாங்க. நல்லவேளை, எலும்புக்கு ஒண்ணும் ஆகலை. "தூக்கி விடுடா"ன்னு கையை நீட்டினாங்க. குனிஞ்சேன், பிடிச்சேன், தூக்கினேன். வரலை. இன்னொரு தடவை மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத் தூக்கினேன். என் இடுப்புதான் 'சுளுக்'னுச்சு.

அம்மா 52 கிலோ. நான் 84. வயசு 47.

கடைசியில கீழேயிருந்து செக்யூரிட்டி அண்ணன் வந்தார். அறுபதைத் தாண்டினவர், ஆள் ஒல்லி. "சார், நீங்க கொஞ்சம் நகருங்க"ன்னு சொல்லிட்டு, முழங்காலை மடக்கி உட்கார்ந்து, அம்மாவோட அக்குள்ள கை கொடுத்து ஒரே எழும்பா எழுப்பி நாற்காலியில உட்கார வச்சுட்டுப் போயிட்டார். அம்மா ஒண்ணும் சொல்லலை. சொல்லியிருந்தா தேவலை.

சரி, மேட்டருக்கு வருவோம். உடம்பைக் குறைக்கறேன்னு அடியேன் எடுத்த அவதாரங்கள் கொஞ்ச நஞ்சமில்லை. ஜிம்முக்கு ஒரு வருஷப் பணம் கட்டி பதினோரு நாள் போனேன் (ஒரு நாளைக்கு எவ்வளவு ஆச்சுன்னு கணக்குப் போட்டுக் காட்டின தங்கமணிக்கு கணக்குல எப்பவுமே சென்டம்). அப்புறம் வாக்கிங் கோஷ்டி. பார்க்குல நாலு ரவுண்டு அரசியல், அதுக்கு மேல ரெண்டு மெதுவடை. நிகர லாபம் ஒண்ணரை கிலோ.

எல்லாத்துக்கும் நான் சொன்ன காரணம் ஒண்ணுதான்: டைம் இல்லை. ஓ.எம்.ஆர்ல ஆபீஸ். போக வர ரெண்டரை மணி நேரம். ராத்திரி 9 மணிக்கு அமெரிக்காக்காரனோட கால். பொய் இல்லைங்க. ஆனா முழு உண்மையும் இல்லை. வாக்கிங் போன அந்த மூணு மாசம் எனக்கு டைம் எங்கேருந்து கிடைச்சுது? காலை ஆறிலிருந்து ஏழு வரைக்கும் நான் பார்க்குல காத்து வாங்கின அந்த ஒரு மணி நேரம், வீட்டுல தங்கமணி குக்கர், டிபன் பாக்ஸ், பையனை எழுப்பறது, அம்மாவுக்கு மாத்திரைன்னு ஒத்தை ஆளா நின்னா. அவளும் ஆபீஸ் போறவதான். அவளுக்கும் 44. "உனக்கு வீட்டு வேலையே எக்ஸர்சைஸ்"னு ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிட்டேன். அன்னிக்கு ராத்திரி ரவா உப்புமா. நம்ம ஊர்ல நடுவயசு ஆம்பளைங்க ஃபிட்னஸ் முக்கால்வாசி இப்படி பெண்டாட்டி கிட்ட கடன் வாங்கின டைம்தான். அதனாலதான், தனியா ஒரு மணி நேரம் ஒதுக்கணும்னு யாராவது சொன்னா இப்பல்லாம் எனக்கு ஒப்புறதில்லை.

10,000 அடி நடந்தே ஆகணும்னு ஒரு சாமியாடல் இருக்கே, அது 1965ல ஜப்பான்ல அடி எண்ற கருவியை விக்கறதுக்கு வச்ச பேருலேருந்து வந்தது. 'மான்போ-கெய்'னா 'பத்தாயிரம் அடி மீட்டர்'. ஆராய்ச்சி முடிவெல்லாம் இல்லை. எனக்குப் பிடிச்ச ஆராய்ச்சி வேற ஒண்ணு. ஜெர்ரி மாரிஸ்னு ஒரு டாக்டர் லண்டன் பஸ்காரங்களைப் பத்தி 1953ல எழுதினது. நாள் பூரா உட்கார்ந்து ஓட்டற டிரைவர்களை விட, மாடி பஸ்ல ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவா இருந்துச்சு. அந்தக் கண்டக்டர் யாரும் தனியா 'ஒர்க்-அவுட்' பண்ணலை. வேலைக்குள்ளேயே அது இருந்துச்சு.

இன்னொண்ணு. நாம எல்லாரும் எடை மெஷினையே முறைச்சுப் பார்க்கறோம். முப்பதைத் தாண்டினதுமே தசை மெல்லக் கரைய ஆரம்பிச்சுடுது, அதை யாரும் பார்க்கறதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னதுல வாரத்துக்கு 150 நிமிஷ நடை எல்லாருக்கும் தெரியும். வாரம் ரெண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுன்னு அதுலயே இருக்கற அடுத்த வரி? எங்க வாக்கிங் கோஷ்டியில ஒருத்தர் கூடப் பேசிக் கேட்டதில்லை. அம்மாவைத் தூக்க முடியாம நின்னப்ப எனக்குக் குறைஞ்சது அதுதான். தொப்பை அப்புறம். (இந்திய ஆம்பளைக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ. தான் எல்லையாம். என்னோடது எவ்வளவுன்னு கேக்காதீங்க.)

இப்ப என்ன பண்றேன்? சிரிக்கக் கூடாது. தோப்புக்கரணம். குக்கர் வைக்கறது இப்ப என் வேலை, மூணு விசில் வர்றதுக்குள்ள போட்டு முடிச்சுடணும். அந்த நேரம் தங்கமணி வராந்தாவுல அவ பாட்டுக்கு நடக்கறா. முதல் நாள் ஏழு போட்டதுக்கே மறுநாள் படி இறங்க கைப்பிடிச் சுவர் தேவைப்பட்டுச்சு. முட்டி வலி, பி.பி. இருக்கறவங்க டாக்டரைக் கேட்டுட்டு ஆரம்பிங்க, என் பேச்சைக் கேட்டு இறங்கிடாதீங்க. ஆபீஸ்ல மூணு மாடிக்கு லிஃப்ட் கிடையாதுன்னு எனக்கு நானே சட்டம் போட்டுக்கிட்டேன். தண்ணி கேன்காரத் தம்பிகிட்டயும் கேனை வாசலோட வச்சுட்டுப் போகச் சொல்லியாச்சு. 20 லிட்டர்னா 20 கிலோ. அதை செக்யூரிட்டி அண்ணன் மாதிரியே முழங்காலை மடக்கித் தூக்கி உள்ளே கொண்டு வர்றது என் டிபார்ட்மெண்ட். முதல் ரெண்டு வாரம் பாதித் தண்ணி தரையிலதான். இப்ப சிந்தறதில்லை.

எடை? ஆறு மாசத்துல மூணே கிலோதான் குறைஞ்சிருக்கு.

தோப்புக்கரணத்தை அம்மாதான் கட்டில்ல உட்கார்ந்து எண்றாங்க. தினம் இருபத்தஞ்சு. பதினேழு வந்தா மட்டும் ரெண்டு தடவை சொல்றாங்க. வேணும்னேதான்னு நினைக்கறேன்.