‘கொஞ்சம்’ என்றால் எவ்வளவு?

தமிழில் எத்தனையோ அளவைகள் உண்டு. படி, ஆழாக்கு, பலம், வீசை என்று பாட்டிமார் காலத்தவை சில. கிராம், மில்லி லிட்டர் என்று இந்தக் காலத்தவை சில. இவை எல்லாவற்றுக்கும் மூத்ததும், எந்தச் சர்க்காராலும் இதுவரை ஒழிக்க முடியாததுமான ஓர் அளவை நம் சமையலறையில் இருக்கிறது. அதற்குப் பெயர் ‘கொஞ்சம்’.

“கொஞ்சம் புளியைக் கரைத்துவிடு, கொஞ்சம் கொதித்ததும் கொஞ்சம் பொடி போடு, கொஞ்சம் வெல்லம் கிள்ளிப் போட்டு இறக்கிவிடு.” இந்த ஒரு வாக்கியத்தில் நாலு ‘கொஞ்சம்’ வருகிறது. நாலும் நாலு அளவு! சொல்லுகிறவருக்கு அதில் ஒரு குழப்பமும் கிடையாது. கேட்கிறவர் பாடுதான் திண்டாட்டம். சற்று இரக்கமுள்ள பாட்டியாக இருந்தால், புளி எலுமிச்சம்பழம் அளவு, வெல்லம் நெல்லிக்காய் அளவு, பெருங்காயம் சுண்டைக்காய் அளவு என்று ஒரு பழக்கடையையே விரித்துக் காட்டுவார். ‘எந்த ஊர் எலுமிச்சம்பழம், பாட்டி?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அன்றைக்குச் சமையல் பாடம் அத்துடன் சரி!

இதைக் கேலி என்று எண்ணிவிட வேண்டாம். கையில் அள்ளும்போதே பருப்பு போதுமா போதாதா என்று தெரிகிறதே, அது நாற்பது ஐம்பது வருஷத்துப் படிப்பு. ஆனால் அந்தப் படிப்பில் ஒரு குறை உண்டு. அது ஏட்டில் இல்லை, கையில்தான் இருக்கிறது. கை ஓய்ந்துவிட்டால் படிப்பும் போய்விடும்.

இப்போது உங்களைத்தான் பார்க்கிறேன், சகோதரி! உங்களுக்கு நாற்பத்தைந்துக்கு மேல், அறுபதுக்குள் வயதிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு முந்தின தலைமுறைக்கு அளவு வேண்டியதில்லை. கண் பார்த்தால் கை செய்யும். உங்களுக்குப் பிந்தின தலைமுறையோ பெங்களூரிலோ டொரான்டோவிலோ அடுப்பின் முன்னால் நின்றுகொண்டு, ‘எத்தனை கிராம்? எத்தனை நிமிஷம்?’ என்று டெலிபோனில் கேட்கிறது. இந்த இரண்டு பாஷையும் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். கும்பினியார் காலத்தில் இரண்டு பாஷை தெரிந்தவருக்குத் துபாஷி என்று பெயர். அந்தத் துபாஷி உத்தியோகம் இன்று உங்களுக்கு வந்திருக்கிறது. சம்பளம் இல்லாத உத்தியோகம்தான். ஆனாலும் காலியாகிவிட்டால் வேறு ஆள் கிடைக்காது.

எனக்குத் தெரிந்த ஒரு சிநேகிதி இந்த உத்தியோகத்தை எப்படிப் பார்த்தார் என்று சொல்கிறேன். அவருக்கு வயது 52. திருநெல்வேலிப் பக்கம் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவர். வீட்டில் 84 வயது மாமியார் இருக்கிறார். மாமியார் வைக்கும் சொதி என்றால் உறவிலெல்லாம் பிரசித்தம். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கும் விருந்து அது. ‘மாப்பிள்ளைச் சொதி’ என்றே பெயர். தேங்காயைத் துருவி மூன்று பால் எடுப்பார்கள். நீர்த்த மூன்றாம் பாலில் காய் வேகும். பிறகு வெந்த பாசிப்பருப்பும், அரைத்த இஞ்சி பச்சை மிளகாயும், இரண்டாம் பாலும் சேரும். கெட்டியான முதல் பால் கடைசியில். அதை விட்டபின் கொதிக்கவிடக் கூடாது. நுரை கூடியதும் இறக்கிவிட வேண்டும். எலுமிச்சஞ் சாறு அடுப்பை விட்டு இறக்கிய பிறகுதான். சூடும் புளிப்பும் ஒன்று சேர்ந்தால் தேங்காய்ப்பால் திரிந்துபோகும். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி.

சில மாதங்களுக்கு முன் ஒரு காலை. மாமியார் அடுப்படியில் கரண்டியுடன் நின்றுகொண்டு, “ஏம்மா, முதல் பாலை எப்ப விடணும்?” என்று கேட்டாராம்.

இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் இந்த மருமகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்!

“கடைசியிலே, அத்தை” என்று மட்டும் சொன்னாராம் சிநேகிதி. வேறு ஒன்றும் சொல்லவில்லை, முகத்திலும் காட்டிக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலமே கடைக்குப் போய்ச் சிறிய தராசு ஒன்று வாங்கி வந்தார்.

அதன்பிறகு அவர் செய்த காரியம் சாமர்த்தியமானது. ‘எவ்வளவு பருப்பு, அத்தை?’ என்று கேட்கவே இல்லை. கேட்டால் ‘கொஞ்சம்’ என்றுதான் பதில் வரும். மறந்துவிட்டால் அதுவும் வராது, மனசுதான் கஷ்டப்படும். பருப்பு டப்பாவை அப்படியே தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொண்டார். “நீங்களே அள்ளிப் போடுங்க, அத்தை” என்றார். அள்ளினபிறகு டப்பாவை மறுபடி நிறுத்தார். குறைந்தது எவ்வளவோ, அதுதான் அத்தையின் ‘ஒரு கை’. உப்பு ஜாடிக்கும் அப்படியே. மூன்று வெவ்வேறு நாட்களில் இப்படிச் செய்து பார்த்தாராம். மூன்று தடவையும் ஏறக்குறைய ஒரே எடை!

“பேர் மறக்குது, நாள் மறக்குது. கை மறக்கலை” என்று சொல்லும்போது என் சிநேகிதியின் குரல் தழுதழுத்தது. அந்தக் கைகள் மட்டும் தெரியும்படி செல்போனில் படம் எடுத்து, அளவுகளையும் எழுதி முதலில் மகளுக்கு அனுப்பினார். பிறகு, ‘நம் வீட்டோடு இது ஏன் நிற்கவேண்டும்?’ என்று தோன்றவே, எல்லோரும் பார்க்கும்படி இணையத்திலும் போட்டுவிட்டார்.

“இந்த வயதில் இதெல்லாம் எதற்கு? ஊர் சிரிக்காதா?” என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு ஒரு பெயரை நினைவூட்டுகிறேன். எஸ். மீனாக்ஷி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ முதல் பாகம் 1951-ல் வெளிவந்தது. இளம் வயதிலேயே கணவரை இழந்தவர் அவர். அவருடைய கைப்பக்குவத்தைக் கேட்டு உறவினர்கள் கடிதம் எழுதிய வண்ணம் இருந்தார்கள். ‘ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவானேன்? புத்தகமாகவே போட்டுவிடேன்’ என்ற யோசனை உறவினரான கே. வி. கிருஷ்ணசாமி ஐயரிடமிருந்து வந்தது. வீட்டில் கற்றதை வெளியாருக்குச் சொன்ன அந்தப் புத்தகம், தாயாரை விட்டுத் தொலைதூரம் போன எத்தனையோ புதுப்பெண்களுக்குத் தாயாராக இருந்திருக்கிறது. எழுபது வருஷத்துக்கு மேலாகியும் வீடுகளில் புழங்குகிறது. அதன் ரகசியம் என்ன? ‘கொஞ்சம்’ என்று சொல்லி நழுவாமல் அளவு சொன்னதுதான்.

ஆனால் அளவைகளுக்கும் ஆயுள் உண்டு, பாருங்கள். மீனாக்ஷி அம்மாள் காலத்து அளவைகள் ஆழாக்கும் ரூபாய் எடையும். 1956-ல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தது. 1958 முதல் படிப்படியாக அமலாகி 1962-க்குள் கிலோவும் லிட்டரும் கட்டாயமாகிவிட்டன. புத்தகம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் அதிலிருந்த அளவைகள் கடைவீதியை விட்டே போய்விட்டன! உங்கள் வீட்டுப் பரணில் பழைய சமையல் நோட்டு ஏதாவது இருந்தால் இந்தக் கணக்கு உதவும். ஒரு ரூபாய் எடை என்றால் 11.66 கிராம். ஒரு பலம் சுமார் 35 கிராம். ஒரு வீசை, அதாவது 40 பலம், சுமார் 1,400 கிராம். எட்டு ஆழாக்கு ஒரு படி. ஆனால் படியே ஊருக்கு ஊர் வேறுபட்டது. ஆகையால் நோட்டு எழுதியவர் எந்த ஊரில் குடித்தனம் செய்தார் என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இதிலிருந்து நமக்கும் ஒரு பாடம் உண்டு. ‘ஒரு டம்ளர்’ என்று எழுதினால் போதாது. அந்த டம்ளர் எத்தனை மில்லி பிடிக்கும் என்று அளந்து பக்கத்திலேயே எழுதுங்கள். உப்பு ஒரு ஸ்பூன் என்றால் கல்லுப்பா, தூள் உப்பா? ஒரே ஸ்பூனில் கல்லுப்பைவிடத் தூள் உப்பு எடை கூடுதலாகப் பிடிக்கும். பாட்டி கல்லுப்புக்குச் சொன்ன கணக்கில் பேத்தி தூள் உப்பைப் போட்டால் குழம்பு கடலாகிவிடும்! புளி பழசா, புதுசா? நிமிஷக் கணக்கோடு நிற்காமல் அடையாளத்தையும் எழுதுங்கள். ‘பத்து நிமிஷம்’ என்பது அடுப்புக்கு அடுப்பு மாறும். ‘புளியின் பச்சை வாசனை போகும்வரை’ என்பது எந்த நாட்டு அடுப்புக்கும் பொருந்தும். அதிரசப் பாகு தண்ணீரில் விட்டால் உருட்ட வரவேண்டும் என்று நம் பாட்டிமார் கண்டுவைத்த அடையாளம் எந்தக் கடிகாரத்துக்கும் குறைந்ததல்ல.

அளவோடு கொஞ்சம் கதையும் சேர்ந்தால்தான் ருசி. இந்தப் பண்டம் நம் வீட்டுக்கு எப்போது, யாரோடு வந்தது என்று கேட்டு எழுதுங்கள். ஆனால் ‘ஐயாயிரம் வருஷத்துப் பாரம்பரியம்’ என்று ஆரம்பத்திலேயே பறையடித்துவிட வேண்டாம். அந்தச் சொதியையே எடுத்துக்கொள்ளுங்களேன். அதில் விழுகிற உருளைக்கிழங்கும் பீன்ஸும் பச்சை மிளகாயும் அமெரிக்கக் கண்டத்தின் சரக்குகள். வாஸ்கோட காமா 1498-ல் கள்ளிக்கோட்டையில் வந்திறங்கிய பிறகு, போர்ச்சுக்கீசியர் முதலான ஐரோப்பியர் வழியாக இங்கே வந்தவை. காரட்டும் நம் ஊருக்குப் புதிதுதான். தேங்காயும் இஞ்சியும் பாசிப்பயறும் முருங்கைக்காயும் பழைய ஆட்கள். அதற்கு முன் நமக்குக் காரம் என்றால் மிளகுதான். புதிதாக வந்த காய்க்கு மிளகின் பெயரையே கொடுத்து ‘மிளகாய்’ என்று வீட்டுப் பிள்ளையாக்கிக்கொண்டோம்.

இதற்கு வீட்டிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. திவசச் சமையலைக் கவனித்திருக்கிறீர்களா? பல வீடுகளில் அன்றைக்கு மிளகாய் இல்லை, உருளைக்கிழங்கு இல்லை, தக்காளி இல்லை, முட்டைக்கோஸ் இல்லை. மிளகு, சீரகம், வாழைக்காய், பாகற்காய், சேப்பங்கிழங்கு, பிரண்டை இவைதான். கப்பல் வருவதற்கு முன்னால் நம் முன்னோர் சாப்பிட்டதை, அவர்களை நினைக்கிற நாளில் நாம் சமைக்கிறோம்! சரித்திரப் புத்தகம் இதைவிட என்ன சொல்லிவிடும்?

அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால், பக்கத்துச் சரித்திரத்தைக் கேளுங்கள். 1942-ல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து அரிசி வருவது நின்றுபோயிற்று. பிறகு ரேஷன் வந்தது. ராஜாஜி முதல் மந்திரியாக இருந்தபோது 1952-ல்தான் உணவுக் கட்டுப்பாடு நீங்கியது. அரிசியைத் தவிர வேறு அறியாத எத்தனையோ வீடுகளில் கோதுமை நுழைந்தது அந்தக் காலத்தில்தான். எண்பதைத் தாண்டியவர் உங்கள் வீட்டில் இருந்தால், “அந்த நாளில் ராத்திரிக்கு என்ன சாப்பிட்டீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கதையைக் கேட்க இன்னும் எத்தனை வருஷம் அவகாசம் இருக்கிறது என்பதையும் சற்று எண்ணிப் பாருங்கள்.

பத்து வீட்டார் அவரவர் கைப்பக்குவத்தை இப்படிப் பொதுவில் வைத்தால் ஒரு சங்கடமும் வரும். ‘எங்கள் வீட்டில் இப்படி இல்லையே, நீங்கள் செய்வது தப்பு’ என்று யாராவது கிளம்புவார்கள். வருத்தப்படாதீர்கள். இலங்கைத் தமிழர் வீடுகளிலும் சொதி உண்டு. அங்கே அது தண்ணீராக, இடியாப்பத்துக்கு ஊற்றிக்கொள்வதற்காக இருக்கும். அதுவும் சொதி, இதுவும் சொதி. ‘இது இன்னார் கை, இன்ன ஊர், இன்ன வருஷம் எழுதியது’ என்று தலைப்பில் போட்டுவிட்டால் சண்டைக்கு இடமே இல்லை. நாம் எழுதுவது சட்டம் அல்ல, சாட்சியம்.

புருஷர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘இது பெண்கள் பக்கம்’ என்று தாண்டிப் போய்விடாதீர்கள். உங்கள் தாயாரின் ரசத்தைப் பற்றிக் கல்யாணமான நாளிலிருந்து மனைவியிடம் பெருமை பேசிக்கொண்டிருக்கிறீர்கள் அல்லவா? தராசைப் பிடிக்கவும் நோட்டில் எழுதவும் உங்களுக்கும் இரண்டு கை இருக்கிறது.

ஒரேயடியாக நூறு பண்டம் எழுத வேண்டாம், மலைப்பாகிவிடும். ‘இது இல்லாவிட்டால் எங்கள் வீடு எங்கள் வீடே அல்ல’ என்று தோன்றுகிற பண்டம் ஒன்றே ஒன்று இருக்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை அதை வைக்கச் சொல்லுங்கள். பெரியவர் அள்ளட்டும், நீங்கள் நிறுத்து எழுதுங்கள். தேதி போட மறக்காதீர்கள். அடுத்த ஞாயிறு அந்த நோட்டைப் பார்த்து நீங்கள் வையுங்கள். முதல் கரண்டியை அவருக்கே பரிமாறிவிட்டு, வாய் திறக்காமல் பக்கத்தில் நில்லுங்கள்.

அவர் ருசித்துப் பார்த்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் உப்பு வேணும்” என்பார். அந்தக் ‘கொஞ்ச’த்தையும் நிறுத்து எழுதிவிடுங்கள்!