சாய்ந்துறங்கும் நாள்கள்



நோயுற்றோரைச் சந்திக்கும் வழக்கப்படி, சில காலத்திற்கு முன் ஒரு வீட்டிற்கு நற்கருணை எடுத்துச் சென்றோம். இருபத்தாறு வயதுப் பெண் ஒருவர், சுவரில் முதுகைச் சாய்த்துப் பாயில் கால்களை நீட்டி அமர்ந்திருந்தார். இரண்டு இரவுகள் உறங்காத களைப்பு அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது. குடல்வால் அறுவை என்று அண்டை வீட்டார் சொல்லக் கேட்டிருந்தோம். விடைபெறும் வேளையில் தாயார் வாசல்வரை வந்து குரலைத் தாழ்த்தி, "சாமி, அப்பெண்டிக்ஸுன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கோம். ஆனா அது இல்லீங்க" என்றார். பிறவியிலிருந்தே ஒரு பக்கத்து மார்பு வளர்ச்சி குன்றியிருந்த மகளுக்கு, சிலிகான் பை வைத்து அதனைச் சீராக்கும் அறுவை நடந்திருந்தது. அதனை வெளியே சொல்ல நாணிக் குடல்வாலின்மீது பழியைப் போட்டுவிட்டார்கள். (அக்குடும்பத்தாரின் இசைவு பெற்று, அடையாளம் தெரியாதவாறு இதனை எழுதுகிறோம்.)

சிறிய பொய்தான். ஆனால் அதனை நம்பிய உறவினர் அனைவரும் அதற்கேற்ற பணிவிடையையே செய்தார்கள். அத்தை ஒருவர், ஒருக்களித்துப் படுத்தால் வயிற்றுக்குச் சுகமாயிருக்கும் என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். அண்ணன் குழந்தையைக் கொண்டுவந்து தோளில் போட்டார்கள். எழுந்திருக்க வேண்டியபோதெல்லாம், வயிறு நோகக்கூடாதென்று இரு கைகளையும் பற்றி இழுத்துத் தூக்கினார்கள். இழுக்கக் கூடாத கைகள் அவையே என்பது அவர்களுக்கு எவ்வாறு தெரியும்?

இவ்வறுவையில் பையைப் பால்சுரப்பிக்கு அடியில் வைப்பதும் உண்டு. அதற்கும் கீழே மார்புத் தசைக்கு அடியில் வைப்பதும் உண்டு. கையை ஊன்றி எழும்போதும், கனத்தைத் தூக்கும்போதும், யாரேனும் கையைப் பற்றி இழுக்கும்போதும் வேலை செய்வது அத்தசையே. அன்றியும், உள்ளே வைத்த பையைச் சுற்றி நம் உடல் தானே மெல்லியதொரு தழும்புறையை அமைத்துக்கொள்கிறது. அது உருவாகி உறுதிப்படச் சில வாரங்கள் செல்லும். அதற்குள் குப்புறப் படுத்து அழுத்தினாலோ, ஒரு பக்கமாகவே சாய்ந்து கிடந்தாலோ, பை இடம் விலகவும் தையல் இழுபடவும் வாய்ப்புண்டு.

ஆதலால் முதல் ஓரிரு வாரங்களுக்கு மல்லாந்தே உறங்க வேண்டும். அதுவும் தட்டையாக அன்று. இடுப்பிற்கு மேற்பட்ட உடல் 30 முதல் 45 பாகை வரை உயர்ந்திருக்க வேண்டும். அவ்வாறு உயர்ந்திருந்தால் வீக்கம் குறையும், எழுவதும் எளிதாகும். தலைக்கு மட்டும் தலையணைகளை அடுக்கினால் கழுத்துதான் வலிக்கும். இடுப்பிலிருந்தே சரிவாக அமையும்படி, திண்டை அடியில் வைத்து அதன்மேல் தலையணைகளைப் பரப்ப வேண்டும். முழங்கால்களுக்கு அடியில் ஒரு தலையணை வைத்தால் உடல் கீழே வழுகாது; இடுப்பு வலியும் தணியும். இரு பக்கமும் ஒவ்வொன்று அணைத்து வைத்தால், உறக்கத்தில் தம்மையறியாமல் புரள்வது தடைப்படும். மருத்துவர் தந்த தாங்குகச்சையை, அவர் சொன்ன நாள்வரை இரவிலும் கழற்றலாகாது. ஒருக்களித்துப் படுக்கச் சில வாரங்கள் பொறுக்க வேண்டும். குப்புறப் படுக்கப் பெரும்பாலும் ஆறு வாரங்களேனும் ஆகும். ஆளுக்கு ஆள் இது மாறுபடுமாதலால் அறுவை செய்த மருத்துவரின் சொல்லே முடிவு.

நம் வீடுகளில் பலரும் தரையில் பாய் விரித்துப் படுப்பவர்கள். இந்நாள்களுக்கு மட்டும் அது ஆகாது. தரையிலிருந்து கையூன்றாமல் எழ யாரால் முடியும்? இரவல் வாங்கியேனும் ஒரு கட்டில் வேண்டும். கயிற்றுக் கட்டிலோ குழிந்துவிடும். எழும்போது முதலில் கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, தொடை வலுவால் எழ வேண்டும். உதவுபவர் கையைப் பற்றாமல் முதுகுக்குப் பின்னே தம் கையைக் கொடுத்துத் தாங்கலாம்.

நல்லெண்ணத்தோடு நாமும் ஒரு தவறு செய்தோம். பங்கு இல்லத்துத் துணிச் சாய்வு நாற்காலியை அவ்வீட்டிற்கு அனுப்பி வைத்தோம். மறுநாளே அது திரும்பி வந்தது. அமர்ந்தால் உள்ளே அமிழ்ந்துவிடும் அந்நாற்காலியிலிருந்து, கைப்பிடிகளை அழுத்தாமல் எழ இயலவில்லையாம். நம் வயதில் நமக்கே அது எளிதன்று என்பதை நினைத்திருக்க வேண்டும்.

"அழகுக்காக அறுவையா?" என்று முகம் சுளிப்போர் உண்டு. சிலிகான் பை வைக்கும் அறுவை முதன்முதலாக 1962ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், தாமஸ் கிரோனின், ஃபிராங்க் ஜெரோ என்னும் மருத்துவர்களால் செய்யப்பட்டது. அதற்கும் முன்பே, 1958 அக்டோபர் 4ஆம் நாள், திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் இத்தாலிய ஒட்டறுவை மருத்துவர்களிடம் உரையாற்றியபோது, உருவத்தைச் சீராக்கும் அறுவையைத் தன்னிலே தீயதென்று தள்ளவில்லை. நோக்கத்தையும் சூழ்நிலையையும் வைத்தே அதனை எடைபோட வேண்டுமென்றார். ஐந்து நாள்களில் அவர் இறைவனடி சேர்ந்தார். புற்றுநோயால் மார்பை இழந்த சகோதரிகளுக்கு மறுசீரமைப்பாகவும் இவ்வறுவை பயன்படுகிறது. அவர்களுள் வயிற்றுச் சதையை எடுத்து மார்பமைத்துக்கொண்டவர்கள், வயிற்றுத் தையல் இழுபடாதபடி முழங்கால்களையும் மடக்கியே படுக்க வேண்டியிருக்கும். யார் எக்காரணத்தால் செய்துகொண்டார் என்று ஆராய்வது பக்கத்து வீட்டாரின் அலுவலன்று.

நான்காம் இரவில் அப்பெண்ணுக்கு ஒரு பக்கம் திடீரென்று வீங்கி இறுகிப்போயிற்று, தாங்கவொண்ணாத வலி. ஆட்டோ அழைத்தால் தெரு விழித்துக்கொள்ளும், எந்த மருத்துவமனைக்கு என்று கேட்பார்கள் என்றெண்ணிப் பெற்றோர் ஒரு மணி நேரம் தயங்கினார்கள். இறுதியில் தந்தையார்தாம், "யாரு கேட்டா என்னம்மா? உள்ளத சொல்லிக்குவோம்" என்று எழுந்தார். உள்ளே இரத்தம் கட்டியிருந்தது. அன்றிரவே அதனை அகற்றிவிட்டார்கள். கையைப் பிடித்து இழுத்ததுதான் காரணமென்று மருத்துவர் சொல்லவில்லை; இத்தகைய கசிவு தானாகவும் நேரலாம் என்றார். ஒரு மார்பு மட்டும் விரைந்து வீங்குதல், சிவந்து காய்ச்சல் காணுதல், கெண்டைக்கால் வீங்கி வலித்தல், மூச்சுத் திணறல் ஆகியவற்றுள் எது கண்டாலும் விடியும்வரை காத்திருக்கலாகாது. உறக்கம் வரவில்லையென்று மருத்துவரைக் கேளாமல் தூக்க மாத்திரை வாங்குவதும் கூடாது.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்றே தாயார் அத்தையை அழைத்து உண்மையைச் சொல்லிவிட்டார். அத்தை சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு தம் வீட்டுக் கட்டிலையும் இலவம்பஞ்சுத் திண்டையும் ஒரு வண்டியில் ஏற்றி அனுப்பினார். ஏழாம் வாரத்தில் மருத்துவரின் அனுமதியோடு அப்பெண் ஒருக்களித்துப் படுத்து, காலை ஒன்பது மணிவரை எழவேயில்லையென்று பூசை முடிந்ததும் தாயார் வந்து சொன்னார். கட்டில் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அத்தை அதனைத் திரும்பக் கேட்கவில்லை.