ஈறில் ரத்தமா? தண்ணீர் மேல் பழி போடாதீர்கள்!

ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்திலிருந்து என்னிடம் பல் காட்ட வரும் சகோதரிகள் பலர் சொல்வது இது: "பல் தேய்ச்சா ரத்தம் வருது, டாக்டரம்மா. எல்லாம் எங்க ஊர் தோல் கம்பெனித் தண்ணிதான்!"

தோல் கழிவு பாலாற்றங்கரைக் கிணறுகளைக் கெடுத்தது நிஜம். 1996-ல் உச்ச நீதிமன்றமே அதைக் கண்டித்துத் தீர்ப்பளித்தது. ஆனால் ஈறில் ரத்தம் வர, அநேகமாகக் காரணம் பல்லிடுக்கில் தங்கும் அழுக்குதான்.

பல்லின் மேல் தினமும் வழவழப்பாக ஒரு படலம் படியும். அதில் கிருமிகள் பெருகும். துடைத்தெடுக்காவிட்டால் இறுகிக் காரையாகிவிடும். ஈறு சிவந்து, உப்பி, தொட்டால் ரத்தம் கசியும். ஆனால் வலிக்காது. வலிக்கவில்லையே என்று நாமும் இருந்துவிடுகிறோம்! இந்தக் கட்டத்திலேயே கவனித்தால் ஈறு பழைய நிலைக்கு வந்துவிடும். விட்டால் ஈறு பல்லை விட்டு விலகும். சீழ் வரும், வாய் நாறும், உள்ளே எலும்பு கரைந்து பல் ஆடும். இதுதான் பயோரியா. கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்பாது.

ரத்தத்துக்குப் பயந்து தேய்ப்பதை நிறுத்தாதீர்கள். மிருதுவான பிரஷ்ஷால், ஈறும் பல்லும் சேருமிடத்தில், காலையும் இரவும் இரண்டு நிமிஷம் தேய்க்க வேண்டும். விடியற்காலையில் ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் இரவிலாவது நிதானமாகத் தேய்க்கலாமே! செங்கல் பொடி, கரி, புகையிலை கலந்த பற்பொடி வேண்டவே வேண்டாம்.

வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் இதமாக இருக்கும், காரை போகாது. அதைப் பல் டாக்டர்தான் எடுக்க வேண்டும். "கிளீன் பண்ணினா பல்லு ஆடுமாமே?" என்பார்கள். காரை அடைத்திருந்த இடம் காலியாவதால் அப்படித் தோன்றுகிறது. பல்லை ஆட்டுவது நோய்தான், கிளீனிங் அல்ல.

கர்ப்பிணிகளுக்கு ஈறு சுலபமாக வீங்கும். டாக்டரிடம் மாதக் கணக்கைச் சொல்லிவிட்டுத் தாராளமாகக் கிளீன் செய்துகொள்ளலாம். சர்க்கரை வியாதியும் ஈறு நோயும் ஒன்றையொன்று முற்றவைக்கும். இரண்டையும் சேர்த்தே கவனியுங்கள். வீட்டுக்காரர் பீடி, சிகரெட் பிடிப்பவரா? அவருக்கு ரத்தம் அதிகம் வராமலேயே நோய் முற்றலாம். அவரையும் அழைத்து வாருங்கள்.

ஒழுங்காகத் தேய்த்தும் இரண்டு வாரத்தில் ரத்தம் நிற்கவில்லையா? பல் டாக்டரைப் பாருங்கள். வேலூர் சி.எம்.சி.யிலும், அரசுப் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் பல் பிரிவு உண்டு. பல் ஆடும்வரை காத்திருக்காதீர்கள்.