விலைக்கு விடப்பட்ட வரலாறு

பள்ளியை இடையில் விட்டவர்கள் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்திகளாகத் தோற்றலாம். வரலாறு அதில் கட்டாயப் பாடம். வாயில் திறந்திருக்கிறது, வழிகாட்டத்தான் ஆளில்லை. மருதனார்மடச் சந்தையில் பகலெல்லாம் மூட்டை சுமக்கும் இளைஞன், மாலையில் வரலாறு கற்பிக்க ஓர் ஆசிரியரைத் தேடினால் எங்கே போவான்? பாடசாலை அவனை மறந்துவிட்டது. தனியார் கல்வி நிலையமோ கட்டணம் கேட்கிறது. கொடுத்தாலும் கிடைப்பது மனனஞ் செய்வதற்குரிய வினாவிடைக் கொத்து.

"வரலாறுதானே, வாசித்தால் போதும்" என்பர் சிலர். போதுமா? இதே மருதனார்மடத்தில் 1913இல் பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியை நிறுவியவர் சேர் பொன். இராமநாதன். அவரே டொனமூர் ஆணைக்குழுவின் காலத்தில் சர்வசன வாக்குரிமையை எதிர்த்தார். கல்வி கொடுத்த கை வாக்கை மறுத்தது ஏன்? இக்கேள்வியை மாணவன் நெஞ்சில் எழுப்புவது வினாவிடைக் கொத்தன்று; ஆசிரியனே.

எதிர்ப்பை மீறி 1931இல் வாக்குரிமை வந்தது. அவ்வாக்கில் பிறந்த அரசாங்க சபையில் கல்வி அமைச்சராயிருந்த கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தது. ஏழையின் வாக்கு ஏழைக்குக் கல்வி தந்த அவ்வரலாற்றையே இன்று ஏழை காசு கொடுத்து வாங்க வேண்டுமாம்! இதனினும் கொடிய முரண்பாடு உண்டோ?

ஆசிரிய நண்பர்களே! மாலையில் பூட்டிக் கிடக்கும் வகுப்பறைகள் மக்களின் பணத்தில் எழுந்தவை. அவற்றைத் திறக்கவும், ஊதியத்துடன் ஆசிரியரை நியமிக்கவும் அரசை வற்புறுத்துவோம். அதுவரை வாரத்தில் இரண்டு மணிநேரமேனும் நாமே கற்பிப்போம். இலவசக் கல்வி சீருடை அணிந்தோர்க்கு மட்டும் வழங்கப்பட்ட சலுகையன்று. உழைக்கும் மக்கள் அனைவருக்கும் உரிய உரிமை.